வைத்தியப் பரிசோதனையில் மனம் நொந்தால்: முறையிடுவதா, விட்டுவிடுவதா?

கிளினிக்கிலிருந்து வீடு திரும்பிய பிறகும் உள்ளே நடந்தது ஒரு பெண்ணின் மனதை அரித்துக்கொண்டே இருந்தால், அவள் முதலில் கேட்பது டொக்டரைப் பற்றி இல்லை. "எல்லாருக்கும் இப்படித்தான் பார்ப்பாங்களா, இல்ல நான்தான் பெருசா எடுத்துக்கிறேனா?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். துணிந்து வீட்டில் சொன்னால், "ஆஸ்பத்திரின்னா அப்படித்தான். ஒன்னும் ஆகலத்தானே?" என்று பதில் வரும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அடுத்த தடவை கிளினிக்குக்குக் கூப்பிடும்போது அவள் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்துவிடுவாள். கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு வராத, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பெண்களைப் பற்றி "விழிப்புணர்வு போதாது" என்று பேசுகிறோம். ஒரு தடவை போய்ப் பட்டதை மறக்க முடியாமல் வராதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் மனதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நடந்தது முறையான பரிசோதனைதானா என்பது ஒன்று. அதை அறிவதற்கு வழி உண்டு. முறைப்பாடு கொடுப்பதா என்பது மற்றது. அதை அவள்தான், தன் நிலைமையையும் தனக்கு என்ன வேண்டும் என்பதையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். முதலாவதற்கு உறுதியான பதில் கிடைக்காததால் இரண்டாவதையும் கைவிட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். "டொக்டர்மேல பிழைன்னு எனக்குத் தெரியாதே, எப்படிச் சொல்றது?" என்பார்கள். பிழையை நிரூபித்துவிட்டுத்தான் முறையிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது அவள் வேலை. அது பிழையா என்று பார்ப்பது விசாரிக்கிறவர்களின் வேலை.

முறையான பரிசோதனை எப்படி இருக்கும்?

உள்பரிசோதனை யாருக்கும் சங்கடம்தான். சுகவனிதையர் கிளினிக்குகள் இலங்கையில் 1996இல் தொடங்கின. 35 வயதில் இருக்கும் பெண்களை முக்கியமாகக் கூப்பிடுகிறார்கள். இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்ப்பார்கள், மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். கர்ப்பப்பைக் கழுத்திலிருந்து மாதிரி எடுக்க, மல்லாக்கப் படுத்து முழங்காலை மடித்து அகட்டி வைக்கச் சொல்வார்கள். பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்க ஒரு கருவியை உள்ளே வைப்பார்கள். குளிர்ந்த உலோகம் உடம்பில் பட்டதும் உடம்பு தானாகவே இறுகும், இறுகினால் நோகும். சில நிமிடத்தில் வேலை முடியும். இந்தச் சங்கடத்தை மட்டும் வைத்து யாரும் பிழை செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

அதே பரிசோதனையை மரியாதையாகச் செய்கிற விதமும் உண்டு. என்ன செய்யப்போகிறார்கள், எதற்கு என்று தொடுவதற்கு முன் சொல்வார்கள். "பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். திரையை முழுதாக இழுப்பார்கள். பார்க்காத பகுதியைத் துணியால் மூடியிருப்பார்கள். ஆண் டொக்டர் பார்க்கிறார் என்றால் பெண் ஊழியர் ஒருவர் பக்கத்தில் நிற்பார். புதுக் கையுறை போடுவார்கள். "நிறுத்துங்க" என்றால் நிறுத்துவார்கள். இதையெல்லாம் சலுகை என்று நினைத்துவிடக் கூடாது. வைத்திய ஒழுக்கநெறி கேட்பதே இதைத்தான்.

பிரசவ அறையிலும் அப்படித்தான். வலி சீராக வந்துகொண்டிருக்கும் சிக்கலில்லாத பிரசவத்தில், கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று விரலால் பார்ப்பதை நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்றால் இடையிலும் பார்ப்பார்கள். ஆனால் ஒருவர் பார்த்துப் போனதும் இன்னொருவர், அவருக்குப் பின்னால் மாணவர்கள் என்று வரிசையாக வந்து, எதற்கு என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல் பார்த்தால் அதைக் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. போதனா வைத்தியசாலைகளில் மாணவர்கள் படிக்கத்தான் வேண்டும். அவளுடைய சம்மதத்தோடு படிக்க வேண்டும்.

ஆகவே நடந்ததை மூன்று விதமாகப் பார்க்கலாம். தேவையான பரிசோதனை, முறையாகவும் செய்தார்கள், ஆனால் நொந்தது என்பது ஒரு விதம். தேவையான பரிசோதனைதான், ஆனால் திரை போடாமல், சொல்லாமல், ஏசிக்கொண்டு செய்தார்கள் என்பது இன்னொரு விதம். மூன்றாவது, தேவையே இல்லாத இடத்தைத் தொட்டது, இருமலுக்குப் போனவளை முழு உடுப்பையும் கழற்றச் சொன்னது, வேண்டாம் என்ற பிறகும் தொடர்ந்தது, பாலியல் பேச்சுப் பேசியது. இது அத்துமீறல்.

என் காதுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது விதம். "அன்னைக்கு இனிச்சிச்சு, இன்னைக்கு வலிக்குதா?" என்று பிரசவ வலியில் கத்துகிறவளிடம் கேட்பதை மலையகத்தில் எத்தனை அம்மாமார் கேட்டிருப்பார்கள்! அதை ஒரு குற்றமாக யாரும் நினைப்பதில்லை, அதனால் முறையிடவும் நினைப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் முறைப்பாட்டால் மிகச் சீக்கிரம் மாறக்கூடியது இந்த இரண்டாவது விதம்தான். ஒரு திரைத்துணி மாட்டுவதற்கும், தமிழ் தெரிந்த ஒருவரை நிறுத்துவதற்கும், வாயை அடக்கச் சொல்வதற்கும் வைத்தியசாலைப் பணிப்பாளர் மனம் வைத்தால் போதும். பிரசவத்தின்போது பெண்களை அவமதிப்பதும் துன்புறுத்துவதும் அவர்களின் உரிமையை மீறுவது என்று 2014இல் உலக சுகாதார நிறுவனம் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது.

மலையகத்தில் ஏன் வாய் திறப்பதில்லை?

மொழியிலிருந்து தொடங்கலாம். மேசையில் படுத்திருப்பவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், பார்க்கிறவருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும் என்றால், "பார்க்கலாமா" என்ற கேள்வியே அங்கே பிறக்காது. இடையில் நிற்கும் அட்டென்டன் அக்கா ஒருவர், "கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்றாரு" என்று சுருக்கிவிடுவார். சிங்களத்தில் அச்சடித்த சம்மதத் தாளில் விளங்காமலே கையெழுத்து விழும். 1987ஆம் ஆண்டு வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டுள்ளன. அந்தச் சட்டம் பரிசோதனை அறை வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்தது கூலி. கிளினிக்குக்குப் போன நாளில் பேர், அதாவது அன்றைய நாட்கூலி, இல்லை. முறைப்பாட்டுக்காக நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ இறங்கினால் இன்னொரு பேர் போகும், பஸ் காசு தனி. பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி அதற்கு மேல்.

பிறகு, போவதற்கு இருப்பது ஒரே ஆஸ்பத்திரி. அடுத்த பிரசவமும் அங்கேதான், மாமியாரின் சீனி வருத்தத்துக்கு மருந்தும் அங்கேதான். லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) வருகிற குடும்பநல உத்தியோகத்தர்தான் பிள்ளையின் நிறை பார்க்கிறார், திரிபோஷ சத்துமா கொடுக்கிறார், தடுப்பூசிக்குத் திகதி சொல்கிறார். அவருடைய மேலதிகாரியைப் பற்றி எழுதினால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு இது கோழைத்தனமாகத் தெரியலாம். உள்ளே இருப்பவளுக்கு இது சரியான கணக்கு. அந்தக் கணக்கை மதிக்காமல் "பயப்படாதே, போய்ச் சொல்லு" என்று தள்ளிவிடுகிறவர்கள் அவளுக்கு உதவி செய்வதில்லை.

இதற்கெல்லாம் அடியில் வரலாறு இருக்கிறது. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, உடம்பைப் பரிசோதித்த பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். 1872இல் வந்த வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்தோடு தோட்டத்து வைத்தியம் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், பொறுப்புக்குள் போனது. டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவரும் துரையின் சம்பளத்தில் இருந்தவர். அவரைப் பற்றித் துரையிடம் போய்ச் சொல்வதா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003 வரை சட்டம் தேவைப்பட்டது. அரசாங்கத்திடம் "எனக்கு இது நடந்தது, பதில் சொல்" என்று கேட்கிற பழக்கம் எங்கிருந்து வரும்? 1980களில் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. பிள்ளை பெற்ற கையோடு எல்.ஆர்.டி. (கருக்குழாயைக் கட்டி வெட்டும் கருத்தடை) செய்துகொண்ட, எதற்குக் கையெழுத்து வைத்தோம் என்று சரியாகத் தெரியாத பாட்டிமார் இன்றைக்கும் லயங்களில் இருக்கிறார்கள். "ஆஸ்பத்திரின்னா அப்படித்தான்" என்று அவர்கள் சொல்வது தங்கள் அனுபவத்திலிருந்து.

முடிவு பிறகு எடுக்கலாம், எழுதுவதைத் தள்ளிப்போடக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் யாராவது எடுத்துக்கொள்வதானால், அது இதுவாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். முறையிடுவதா என்று யோசிக்க எவ்வளவு நாளும் எடுக்கலாம். நடந்ததை எழுதி வைப்பதை மட்டும் அன்றைக்கோ அடுத்த நாளோ செய்துவிட வேண்டும்.

ஓர் அக்காவுக்குக் கடிதம் எழுத உதவினேன். பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியில் அவர் முதலில் எழுதிக்கொண்டு வந்தது இதுதான்: "அங்கே என்னை மிகவும் கேவலமாக நடத்தினார்கள். மனிதப் பிறவியாகவே மதிக்கவில்லை. இதற்கு நீதி வேண்டும்." அத்தனையும் உண்மை. ஆனால் அதைக் கையில் எடுக்கும் அதிகாரிக்கு விசாரிக்க அதில் எதுவும் இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். என்ன கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறை, யார் யார் இருந்தார்கள்? இரண்டாவது தடவை வந்தது வேறு கடிதம்: "திரை பாதிதான் இழுத்திருந்தது. கதவுப் பக்கம் ஆண்கள் நடந்தார்கள். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை. நான் அவர் கையைத் தள்ளினேன். நிறுத்தவில்லை. பெயர் தெரியாது, கண்ணாடி போட்டவர். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி என் தோளை அழுத்திப் பிடித்தார்." அழுகையும் கோபமும் அந்த வரிகளில் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் வாசிக்கிற யாரும் அதைத் தள்ளிவைக்க முடியாது.

எழுத வராது என்றால் போனில் பேசிப் பதிவு செய்தாலும் போதும். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவைக்க வேண்டும். அன்றைக்கு யார் கடமையில் இருந்தார் என்று பெயர் தெரியாவிட்டாலும், திகதியும் நேரமும் இருந்தால் கடமைப் பதிவிலிருந்து கண்டுபிடிக்கலாம். அன்று மாலை யாரிடம் சொல்லி அழுதாளோ, அவரும் ஒரு சாட்சி.

அவசரத்துக்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. அரச வைத்தியசாலையில் நடந்தது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால், அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை ஒரு மாதம்தான் கொடுக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க ஆணைக்குழுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவதற்கு இரண்டு வருடம்.

எந்தக் கதவைத் தட்டுவது?

இதற்குப் பதில், அவளுக்கு என்ன வேண்டும் என்பதில் இருக்கிறது. மன்னிப்பு வேண்டுமா, இனி வேறு யாருக்கும் நடக்கக் கூடாது என்பதா, அந்த ஆளுக்குத் தண்டனையா, விளக்கம் மட்டுமா?

விளக்கமோ மாற்றமோ போதும் என்றால் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கோ பொறுப்பு வைத்திய அதிகாரிக்கோ எழுதுவதுதான் கிட்டிய வழி. கிளினிக்கில் நடந்திருந்தால் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கு. அங்கே பதில் வராவிட்டால் மேலே போக வேண்டும். ஆதார வைத்தியசாலைகளும் பிரதேச வைத்தியசாலைகளும் பெரும்பாலும் மாகாணத்தின் கீழ் வருவதால், அவற்றைப் பற்றி மாவட்டத்தின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதலாம். கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை, பதுளை போதனா வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருபவை. தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர் கம்பனி ஊழியர் என்றால், தோட்ட நிர்வாகத்துக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் ஒரே நேரத்தில் பிரதி போக வேண்டும். துரையின் மேசையில் மட்டும் விட்டுவிட்டு வரக் கூடாது.

டொக்டரின் நடத்தையைப் பற்றியது என்றால் இலங்கை மருத்துவ சபை. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. மருத்துவிச்சிமாரின் பதிவும் அங்கேதான். முறைப்பாட்டைச் சத்தியக் கடதாசியாகக் கொடுக்க வேண்டும், அதற்குச் சமாதான நீதவானோ சட்டத்தரணியோ தேவை. இது மெதுவான வழி, நட்டஈடும் கிடைக்காது. சனலிங்கிலோ (காசு கட்டி டொக்டரைத் தனியாகப் பார்க்கும் இடத்திலோ) தனியார் ஆஸ்பத்திரியிலோ, மிடில் ஈஸ்ட் போவதற்கான மெடிக்கலிலோ நடந்தால், 2006ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கு நிறுவனத்தைப் பற்றி எழுதலாம். டொக்டரைப் பற்றி மருத்துவ சபைக்கும் சேர்த்து எழுதலாம்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் காசும் வேண்டாம், சட்டத்தரணியும் வேண்டாம். மலைநாட்டில் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. தொலைபேசி இலக்கம் 1996. இழிவாக நடத்தப்படாமலிருக்கும் உரிமையும், மொழியால் பாகுபாடு காட்டப்படாத உரிமையும் அரசியலமைப்பில் இருப்பவை. ஆகவே "தமிழில் ஒரு சொல்லும் சொல்லாமல் பரிசோதித்தார்கள்" என்பதையும் அங்கே தைரியமாக எழுதலாம்.

பாலியல் நோக்கத்தோடு தொட்டார் அல்லது பேசினார் என்றால் அது பொலிசுக்குப் போக வேண்டிய விஷயம். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆவது பிரிவு பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறை சொல்கிறது. அதைவிடப் பாரதூரமானதற்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அப்படி நடந்திருந்தால் குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல் சீக்கிரம் போவது நல்லது, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு அது உதவும். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்கவே கூடாது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.

பயந்து பெயரில்லாமல் பெட்டிசன் போடுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். பெட்டிசனைப் பெரும்பாலும் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள், ஏனென்றால் திருப்பிக் கேட்க ஆள் இல்லை. இரண்டு மூன்று பெண்கள் அவரவர் அனுபவத்தைத் தனித்தனியாக எழுதி, பெயர் போட்டு, ஒன்றாக அனுப்புவது எவ்வளவோ மேல். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். பதிலே வராவிட்டால், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டு முறையிடுவதில்லை என்று ஒருத்தி முடிவெடுத்தால், அதுவும் அவளுடைய முடிவு. கணவனோ தொழிற்சங்கத் தலைவரோ அவளுக்காக முடிவெடுக்க வேண்டியதில்லை, அவளைக் கேட்காமல் அவள் கதையைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. மனப்பாரத்தை இறக்கி வைக்க, பெரிய அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்குள்ளான பெண்களுக்கென்று நட்பு நிலையங்கள் இயங்குகின்றன. சம்பவம் நடந்த அதே வைத்தியசாலைக்குப் போக மனம் வராவிட்டால் வேறொன்றின் நிலையத்துக்குப் போகலாம்.

ஆனால் பரிசோதனையையே விட்டுவிடக் கூடாது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடித்தால் குணப்படுத்தலாம், பிந்தினால் அது கடினம். அடுத்த தடவை போகும்போது தமிழ் தெரிந்த அக்காவையோ தங்கச்சியையோ கூட்டிப் போகலாம். உள்ளே போனதும் முதலில், "போன தடவை எனக்குச் சரியாக நடக்கவில்லை, சொல்லிவிட்டுப் பாருங்க, நோகுது என்றால் நிறுத்துங்க" என்று சொல்லலாம். அதைச் சிங்களத்தில் ஒரு துண்டில் யாரிடமாவது எழுதி வாங்கிக் கொண்டுபோய்க் காட்டினாலும் சரி. பெண் டொக்டர் எந்தக் கிழமையில் வருவார் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு, அந்த நாளுக்குத் திகதி போட்டுக்கொள்ளலாம்.